கோயிலும் பந்தியும்: யாழ்ப்பாணக் கிறித்தவரின் அன்றாட வாழ்வில் இறையெழில்

சமய வரலாறுகளில் அழகு என்னும் சொல் பெரும்பாலும் கட்டடங்களைப் பற்றியே வழங்கி வருகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிறித்தவத்தைப் பற்றிப் பேசும்போதும் போர்த்துக்கேயர் எழுப்பிய கோயில்களையும், ஒல்லாந்தர் திருத்தியமைத்த மண்டபங்களையும், மிசனரிமார் நிறுவிய கல்லூரிகளையுமே நாம் முதலில் நினைக்கின்றோம். கமக்காரரும் கடற்றொழிலாளரும் கைவினைஞருமாகிய சாதாரண கிறித்தவர்கள் தம் அடுக்களையிலும் முற்றத்திலும் கடற்கரையிலும் இறைவனின் எழிலை எவ்வாறு கண்டனர், கண்டதைப் பிறருடன் எவ்வாறு பகிர்ந்தனர் என்னும் வினா அத்துணை எழுப்பப்படுவதில்லை. அவ்வினாவுக்கு வரலாற்று நிலைநின்று விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இறைவனை அழகாகக் காண்பது தமிழருக்குப் புதியதன்று. முருகு என்னும் சொல்லுக்கே அழகு என்னும் பொருள் உண்டு. அச்சொல்லிலிருந்தே ஒரு தெய்வத்தின் பெயரை நம் முன்னோர் அமைத்துக் கொண்டனர். கிறித்தவ மரபிலும் இக்கருத்து வேரூன்றியதே. விவிலியத்தின் இருபத்தேழாம் சங்கீதத்தைப் பாடியவர், ஆண்டவரின் எழிலை அவரது இல்லத்திலிருந்து நோக்குவதையே தம் வாழ்நாள் விண்ணப்பமாகக் கொண்டார். ஆயினும் எழிலைக் காணுதல் ஒன்று. அதனைப் பகிர்தல் மற்றொன்று. காண்பதற்குத் தனியொருவரின் பக்தி போதும். பகிர்வதற்கோ மொழியும், கலையும், அருகே இன்னொருவர் அமர்வதற்கு இடமும் வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிறித்தவ வரலாற்றில் முன்னது எளிதாகவும் பின்னது அரிதாகவும் இருந்தமையை நாம் காணலாம்.

கோயிலின்றி வாழ்ந்த காலம்

போர்த்துக்கேயர் 1619 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய பின்னர், குடாநாடெங்கும் கத்தோலிக்கக் கோயில்கள் எழுந்தன. மதமாற்றத்தில் அரசியல் வற்புறுத்தலுக்கும் சலுகைக்கும் இருந்த பங்கை மறுத்தல் இயலாது. எனினும், அரசு தந்த சமயம் அரசோடு அழியவில்லை என்பது ஆராயத்தக்கது. தெல்லிப்பழையைச் சேர்ந்த பேதுருப் புலவர் 1647 இல் சந்தியோகுமையோர் அம்மானையைப் பாடினார். அம்மானை, பெண்டிர் காய்களை எறிந்து விளையாடும்போது பாடும் பாட்டிலிருந்து வளர்ந்த வடிவம். மேனாட்டுப் புனிதர் ஒருவரின் வரலாறு, இம்மண்ணின் பெண்களுக்குப் பழகிய ஓசையில் அமைந்தமை சிறு செய்தியன்று.

1658 இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. புதிய ஆட்சியினர் சீர்திருத்தத் திருச்சபையினர். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர்; அவர்களுக்குப் புகலிடம் அளிப்போர் கடுந்தண்டனைக்கு உள்ளாயினர். கோயில்கள் ஒல்லாந்தரின் வழிபாட்டிடங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. அன்று தொடக்கம் 1687 இல் கோவாவைச் சேர்ந்த யோசே வாஸ் அடிகளார் வந்து சேரும் வரை, இருபத்தொன்பது ஆண்டுகள் இங்குள்ள கத்தோலிக்கர் தமக்கெனக் கோயிலோ குருவோ இன்றி வாழ்ந்தனர். ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, மணம் புரிந்து, தானும் பிள்ளைகளைப் பெறுவதற்கு இக்காலம் போதுமானது.

அடிகளார் தூத்துக்குடியிலிருந்து கூலியாள் வேடத்தில் வந்தார். வந்தவுடன் நோயுற்றுத் தவித்தார். பின்னர் கழுத்திலே செபமாலையை அணிந்து கொண்டு வீடுவீடாகப் பிச்சைக்குச் சென்றார் எனவும், அம்மாலையை உற்றுநோக்கியவர்களைக் கொண்டே மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை இனங்கண்டார் எனவும் அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். சில்லாலை அவரது பணிக்கு நிலைக்களமாயிற்று. இரவிலே ஒரு வீட்டில் கூடுவர்; விடியுமுன் கலைவர். 1689 ஆம் ஆண்டு நத்தார் இரவில் அவ்வாறு ஒரு கூட்டம் யாழ்ப்பாணத்தில் முற்றுகையிடப்பட்டது; வழிபட வந்தோர் சிறைப்பட்டனர்; அடிகளார் தப்பினார். 1711 இல் கண்டியில் மறைந்த அவருக்கு 2015 சனவரி 14 ஆம் நாள் கொழும்பிலே பாப்பரசர் பிரான்சிஸ் புனிதர் பட்டம் வழங்கினார்.

இந்நிகழ்ச்சிகளைக் குருவொருவரின் வீரவரலாறாக மட்டும் கொள்வது பொருந்தாது. அவர் வந்தபோது இங்கே தேடிக் கண்டுகொள்வதற்கு ஒரு சமூகம் இருந்தது. அச்சமூகத்தைக் காத்தவை மனனஞ் செய்த செபங்களும், மாலை வேளையில் வீட்டில் உருட்டிய செபமாலையும், பாடிப் பழகிய பாட்டுகளுமே. கோபுரமும் மணியும் பீடமும் பறிபோன பின் எஞ்சியவை இவை. யோசே வாஸ் அடிகளாரின் பின் 1705 இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் எனலாம். 1742 இல் மறையும் வரை அவர் தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்களை எழுதினார். கிறித்துவின் பாடுகளைக் கூறும் அவரது வியாகுலப் பிரசங்கம், தவக்காலத்திலே இராகத்தோடு படிக்கப்படும் வழக்கம் கத்தோலிக்க ஊர்களில் நெடுங்காலம் நிலைத்தது. படிப்போர் பெரும்பாலும் குருமார் அல்லர். குரல்வளமும் பயிற்சியும் வாய்ந்த ஊரவரே. இழவு வீட்டு ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்த செவிகள் அவ்வோசையில் தம் துயரையும் இறைவனின் துயரையும் ஒருங்கே கேட்டன.

பழகிய சொல்லின் எழில்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. பிரித்தானியர் ஆட்சியில், 1806 இல் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகள் நீக்கப்பட்டன. 1816 இல் அமெரிக்க மிசனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தம் பணியைத் தொடங்கினர். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824 இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையும், 1841 இல் உதயதாரகை இதழும் தோன்றின.

இவர்கள் உருவங்களையும் ஊர்வலங்களையும் கூத்துகளையும் ஏற்காதவர்கள். எனவே அவர்கள் நெறியில் எழிலுக்கு எஞ்சிய பெருவாயில் சொல் ஒன்றே. ஆனால் அச்சொல் யாருடையது என்னும் சிக்கல் உடனே எழுந்தது. செமினரி மாணவர் பலருக்கு அமெரிக்கப் புரவலரின் பெயர்கள் சூட்டப்பட்டன. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை என இன்றும் நாம் வழங்கும் பெயர்களில் அத்தடயம் உண்டு. பிறமொழிப் பெயரைச் சுமந்த இவர்களே தமிழுக்கு அரும்பணி ஆற்றினர் என்பதும் உண்மை. சதாசிவம்பிள்ளை 1886 இல் வெளியிட்ட பாவலர் சரித்திர தீபகம் தமிழ்ப் புலவர் வரலாற்றாய்வில் முன்னோடி நூல்களுள் ஒன்று. அளவெட்டிக் கனகசபைப் புலவரோ விவிலியச் செய்தியைத் திருவாக்குப் புராணம் எனப் புராணமாகவே பாடினார்.

விவிலிய மொழிபெயர்ப்பின் வரலாறு இதனினும் நுட்பமானது. வெஸ்லியன் மிசனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியார், யாழ்ப்பாணத்தில் ஒரு புதிய மொழிபெயர்ப்பை மேற்கொண்டார். அவருக்குத் துணைநின்றவர், பின்னாளில் சைவ மறுமலர்ச்சியின் தலைவராக விளங்கிய ஆறுமுக நாவலர். 1850 இல் வெளிவந்த அம்மொழிபெயர்ப்பு தமிழ் நடையில் முந்தியவற்றை விஞ்சியது எனப் போற்றப்பட்டது. ஆயினும் தமிழகத்துச் சபைகள் அதனைக் கைக்கொள்ளவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் பப்ரிசியஸ் ஆக்கிய பழைய மொழிபெயர்ப்பையே அவை விரும்பின.

இத்தோல்வியை அறியாமை என ஒதுக்குதல் எளிது. ஆனால் அதனுள் நம் ஆய்வுக்குரிய செய்தி ஒன்றுண்டு. பழைய மொழிபெயர்ப்பின் சொற்களைக் கொண்டே அம்மக்கள் தம் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுத்தனர். நோயாளியின் பாயருகே அமர்ந்து படித்தனர். இறந்தோரை அடக்கம் செய்தனர். நடையிலே திருத்தமுற்ற சொல்லுக்குப் புலவரின் பாராட்டுக் கிடைத்தது. வாழ்விலே பழகிய சொல்லுக்கு மக்களின் அன்பு கிடைத்தது. இவ்விரண்டுள் எதனை இழப்பதும் இழப்பே. யாழ்ப்பாண அத்தியட்சர் சபாபதி குலேந்திரன் 1967 இல் தமிழ் விவிலியத்தின் வரலாற்றைத் தனி நூலாகவே எழுதியமைக்கு இச்சிக்கலின் ஆழமும் ஒரு காரணமாகலாம்.

சொல் உடலையும் தொட வேண்டும் என்று கண்டவர் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அவர் மானிப்பாயை நிலையமாகக் கொண்டு மருத்துவம் செய்தார். 1864 முதல் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், உடற்கூற்றியல் முதலிய துறைகளில் நூல்களை மொழிபெயர்த்தார், கலைச்சொற்களை ஆக்கினார். அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் மருத்துவம் பயின்றனர். கிறித்தவராகும் தமிழர் உடையிலும் ஒழுகலாற்றிலும் தமிழராகவே இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. தன் நோய்க்குத் தன் மொழியிலே பெயர் கேட்ட ஓர் ஏழைக்கு அது வெறும் மொழிப்பற்று அன்று. தன்னை ஒருவர் மனிதராக மதித்தமைக்குச் சான்று. பிணியாளியின் அருகிலமர்ந்து அவர் மொழியிற் பேசுவதும் இறையெழிலைப் பகிரும் செயலே எனக் கிறீனின் வாழ்வு காட்டிற்று.

கடற்கரையின் கூத்துக்களரி

மிசனரிப் பள்ளிகளின் எழுத்து வழக்கிற்குப் புறம்பாக, கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் வேறொரு மரபு செழித்தது. எஸ்தாக்கியார், ஞானசௌந்தரி, மூவிராசாக்கள் முதலிய கதைகள் நாட்டுக்கூத்துகளாக ஆடப்பட்டன. அண்ணாவியார் மாதக்கணக்கில் ஆட்டமும் பாட்டும் பழக்குவார். பகலிலே கடலுக்குச் சென்றவர், வலை பொத்தியவர், இரவிலே அரசராகவும் வேதசாட்சியாகவும் நிற்பார். ஏட்டிலுள்ள பாட்டை எழுத்தறியாதவரும் கேட்டுக் கேட்டே மனனஞ் செய்தனர். அரங்கேற்றத்தன்று ஊர் முழுவதும் விடியும்வரை கண்விழித்திருக்கும்.

கல்வியுலகம் இதனை நெடுங்காலம் பாமரர் பொழுதுபோக்காகவே கருதிற்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலிருந்து 1960களில் மேற்கொண்ட முயற்சியே அந்நோக்கை மாற்றியது. மன்னார்ப் பகுதியில் வழங்கிய எண்டிறீக்கு எம்பரதோர் நாடகத்தை 1964 இலும், மூவிராசாக்கள் நாடகத்தை 1966 இலும், ஞானசௌந்தரி நாடகத்தை 1967 இலும் அவர் பதிப்பித்தார். இதே காலத்தில், 1965 இல், நீ. மரிய சேவியர் அடிகளார் திருமறைக் கலாமன்றத்தைத் தோற்றுவித்தார். தவக்காலந்தோறும் மேடையேறிய அம்மன்றத்தின் திருப்பாடுகளின் காட்சிகளைக் காணச் சைவரும் கிறித்தவரும் ஒருங்கே கூடினர். 2021 இல் அடிகளார் மறைந்தபோது, சமய எல்லையைக் கடந்து பலரும் அவரை நினைவுகூர்ந்தமை இதன் பயனே.

எனினும் கூத்துக்களரியும் எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததில்லை. எவ்வூரார் ஆடுவது, எச்சாதியார் எங்கே அமர்வது என்பன களரிக்கு வெளியே முன்னரே தீர்மானிக்கப்பட்டிருந்தன. இவ்விடத்திலேதான் நம் வினா கூர்மையடைகின்றது.

பந்தியில் வந்த சோதனை

யாழ்ப்பாணத்துக் கிறித்தவ வீடுகளில் பிடியரிசி என்றொரு வழக்கம் இருந்தது. உலையிலே அரிசியிடும் ஒவ்வொரு வேளையும் வீட்டுத்தலைவி ஒரு பிடியை வேறொரு பாத்திரத்தில் இடுவார். சேர்ந்த அரிசி ஞாயிறன்று கோயிலுக்குச் சென்று, ஏழைகளுக்கும் ஊழியத்துக்கும் பயன்படும். சைவரும் தம் அறப்பணிகளுக்கு இவ்வழக்கத்தைக் கைக்கொண்டனர். தன் வீட்டுச் சோற்றிலே பிறர்க்கும் பங்குண்டு என்பதை நாள்தோறும் கைகளுக்கு நினைவூட்டிய அருஞ்செயல் இது.

ஆனால் அரிசியைக் கொடுத்த கை, அதனைப் பெற்றவரோடு ஒரே பந்தியில் அமர இசைந்ததா? வரலாறு தரும் விடை மகிழ்ச்சிக்குரியதன்று. மிசன் விடுதிகளில் பிற சாதியினரோடு உண்ண மறுத்த மாணவர் பொருட்டு மிசனரிமார் தொடக்க காலத்தில் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. கோயிலின் உள்ளேயே இருக்கைகளில் சாதிவேறுபாடு நிலவிற்று. 1920களின் இறுதியில், அரச நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் அளிக்க வேண்டும் எனக் கல்வித் திணைக்களம் பணித்தபோது, குடாநாட்டில் கடும் எதிர்ப்பு எழுந்தது. சில பாடசாலைகள் தீக்கிரையாக்கப்பட்டன. பிள்ளைகள் ஒரே வாங்கில் அமர்வதைப் பொறாத சமூகத்திற் கிறித்தவரும் ஓர் உறுப்பினரே.

இந்நிலைக்கு எதிர்க்குரலும் இங்கிருந்தே எழுந்தது. ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் 1924 இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்று, சாதி வேறுபாட்டைக் கண்டித்தது. அதன் அழைப்பின் பேரிலே காந்தியடிகள் 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்தார். அக்காலத்திலே தமிழகத்துத் திருப்பத்தூரில் யேசுதாசன், போரெஸ்டர் பேற்றன் என்னும் இரு மருத்துவர்கள் 1921 இல் நிறுவிய கிறிஸ்துகுல ஆச்சிரமம், கிறித்தவருக்கு இந்திய மரபிலமைந்த புதிய வாழ்க்கை முறையொன்றைக் காட்டிக் கொண்டிருந்தது. இவ்வாச்சிரம நெறி ஈழத்திலும் வேர்கொண்டது. சேவக் செல்வரத்தினம் அவர்கள் 1939 இல் மருதனார்மடத்தில் கிறிஸ்தசேவ ஆச்சிரமத்தை நிறுவினார்.

ஆச்சிரம நெறியின் இயல்புகள் எளியவை: அதிகாலை வழிபாடு, தரையிலமர்ந்து தமிழிசையிற் பாடுதல், கைத்தொழில், நோயாளர்க்கும் வறியோர்க்கும் சேவை, எவர் வரினும் ஒரே பந்தியில் உணவு. இவற்றுள் முதல் நான்கையும் விரும்புவோர் பலர். ஐந்தாவது, விருப்பத்தைக் கடந்து துணிவையும் வேண்டி நிற்பது. குத்துவிளக்கும் தரைப்பாயும் தமிழ்ப்பண்ணும் வழிபாட்டை அழகுபடுத்தலாம். ஆனால் அப்பாயிலே யார் யாரோடு அமர்கின்றார் என்பதே அவ்வழகு உண்மையானதா என்பதைக் காட்டும். ஆச்சிரம மரபின் வரலாற்றுச் சிறப்பு, கலைவடிவங்களைத் தமிழ்ப்படுத்தியதில் மாத்திரம் அடங்கவில்லை. பந்தியையும் வழிபாட்டின் பகுதியாக்கியதே அதன் பெருஞ்சிறப்பு எனலாம்.

கத்தோலிக்கரிடையே இதற்கு இணையாக 1928 இல் தோமஸ் அடிகளார் தோலகட்டியில் நிறுவிய செபமாலைத் துறவியர் ஆச்சிரமத்தைக் கூறலாம். இரவும் பகலும் இடையறாது செபித்தல், மரக்கறியுணவு, தோட்டத்து உழைப்பு என்னும் அவர்களது ஒழுங்கு இம்மண்ணின் துறவு மரபுக்கு அந்நியமானதன்று. அத்துறவியரின் திராட்சைரசமும் நெல்லிரசமும் சமய வேறுபாடின்றி யாழ்ப்பாணத்து வீடுகளை அடைந்தன. 1990 இல் போர் வலிகாமம் வடக்கை வெறுமையாக்கியபோது அத்துறவியரும் ஊரவரோடு இடம்பெயர்ந்தனர்.

இடிந்த கூரையின் கீழ்

போர்க்காலம் மேற்கூறிய அனைத்தையும் மீண்டும் சோதித்தது. 1995 யூலை 9 ஆம் நாள், இராணுவ நடவடிக்கையால் வலிகாமத்து ஊர்களை விட்டு ஓடிவந்த மக்கள், நவாலிப் புனித பேதுருவானவர் தேவாலயத்திலும் அண்மையிலிருந்த முருகன் கோயிலிலும் களைப்பாறிக் கொண்டிருந்தனர். விமானக் குண்டுவீச்சில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வாண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே முழுமையாகப் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. கோயில்களும் பாடசாலைகளும் வீடுகளும் வந்தவரை ஏற்றன.

அந்நாள்களில் ஒரு தேவாலயத்தின் சிறப்பை அதன் வளைவுகளையோ வண்ணக் கண்ணாடிகளையோ கொண்டு எவரும் மதித்திருக்க மாட்டார். நிழலும், கிணறும், ஒரு சட்டி கஞ்சியுமே அதன் எழில். ஒல்லாந்தர் காலத்திலே கோயிலை இழந்தோர் வீட்டையே கோயிலாக்கினர். போர்க்காலத்திலே வீட்டை இழந்தோருக்குக் கோயிலே வீடாயிற்று. இடையிலுள்ள மூன்று நூற்றாண்டுகளில் மிசன்களும் ஆட்சிகளும் மாறின. இக்கொடுக்கல் வாங்கலைச் செய்த மக்களோ வழிவழியாக இங்கேயே வாழ்ந்தோர்.

மேற்போந்தவற்றைத் தொகுத்து நோக்கின், யாழ்ப்பாணத்துக் கிறித்தவர் இறையெழிலைத் தம் அம்மானையிலும், பழகிய விவிலியச் சொல்லிலும், தமிழ் மருத்துவத்திலும், கூத்திலும் குறைவறக் கண்டனர் என்பது புலனாகும். அதனைப் பகிர்ந்த வேளைகளும் பல. எனினும் சாதி குறுக்கிட்ட இடங்களில் அப்பகிர்வு தடைப்பட்டது. சிலர் முயன்று அத்தடையை நீக்கிய இடங்களில் மீண்டும் தழைத்தது. போரில் இடிந்த தேவாலயங்கள் பல இன்று புதுப்பொலிவோடு மீளக் கட்டப்பட்டுள்ளன. பொருளும் புலம்பெயர்ந்தோர் உதவியும் இருப்பின் கூரையை மீள எழுப்புதல் அரிதன்று. ஒரு பிடி அரிசியைக் கொடுத்தவரும் பெற்றவரும் அக்கூரையின் கீழே தோளோடு தோள் அமர்ந்து உண்கின்றனரா என்பதைப் பிற்கால வரலாற்று மாணவர் நம் தலைமுறையை நோக்கிக் கேட்பர். அதற்குரிய விடையை இன்று அக்கோயில்களுக்குச் செல்வோரே தம் அன்றாட வாழ்வில் எழுதிக் கொண்டிருக்கின்றனர்.